இரண்டாம் சுற்றில் வழுக்கும் இடங்கள்: பிரிட்ஜ் ஏலத்தில் செயற்கை ரீபிட் தவறுகள்

பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் ஏலத்தின் முதல் சுற்றில் பெரிய சிக்கல் வருவதில்லை. 1 டைமண்ட் என்றால் டைமண்ட் இருக்கிறது, 1 ஸ்பேட் என்றால் ஸ்பேட் நாலாவது இருக்கிறது. ஓப்பனர், அதாவது ஏலத்தைத் திறந்தவர், இரண்டாவது முறை பேசி முடித்த பிறகுதான் (இதுதான் ரீபிட்) வம்பு ஆரம்பிக்கும். அப்போது அவருடைய பார்ட்னரான ரெஸ்பாண்டர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய இருக்கும், சொல்வதற்கு மிச்சமிருக்கும் ஏலங்களோ கொஞ்சம். அதனால் ஏதோ ஒரு ஏலத்தின் சொந்தப் பொருளைப் பிடுங்கிவிட்டு அதற்கு வேறு வேலை கொடுக்கிறோம்; செயற்கை ஏலம் என்பது இதுதான். நியூ மைனர் ஃபோர்சிங், எக்ஸ்-ஒய்-இசட், ஃபோர்த் சூட் ஃபோர்சிங் என்ற கன்வென்ஷன்கள் (பார்ட்னர்கள் பேசி வைக்கும் ஏற்பாடுகள்) எல்லாம் இப்படி வந்தவைதான். ஃபோர்சிங் என்றால் பார்ட்னர் பாஸ் செய்யக் கூடாது.

இவற்றில் நடக்கும் தவறுகளுக்கு மறதியைக் குறை சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. புதுப் பொருளைக் கற்றுக்கொண்ட பிறகும் பழைய பொருள் மனதில் உயிரோடு இருக்கிறது என்பதுதான் பிரச்சினை. வீட்டை விற்ற பிறகும் பழைய சாவியைப் பூட்டில் போட்டுப் பார்க்கிறவர் மாதிரி, கையில் கிளப் நீளமாக வந்ததும் வாய் தானாக 2 கிளப் என்கிறது.

கீழே சொல்வதெல்லாம் மேஜரில் (ஸ்பேட், ஹார்ட்; மற்ற இரண்டும் மைனர்) திறக்க ஐந்து சீட்டும், 1 நோ டிரம்ப் (துருப்பு சூட் இல்லாத ஆட்டம்) திறக்க 15-17 புள்ளியும் வேண்டும் என்று ஆடும் ஜோடிக்கு. புள்ளி என்பது ஏஸ் 4, ராஜா 3, ராணி 2, ஜாக் 1 என்ற கணக்கு. ஓப்பனர் 1 நோ டிரம்ப் என்று ரீபிட் செய்தால் 12-14 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நியூ மைனரில் தொடங்குவோம். 1 டைமண்ட், 1 ஸ்பேட், 1 நோ டிரம்ப் என்று ஏலம் போயிருக்கிறது. இங்கே 2 கிளப் செயற்கை ஏலம். “எனக்குக் குறைந்தது கேமுக்கு அழைக்கும் பலம் இருக்கிறது, ஸ்பேட் மூன்று உண்டா, ஹார்ட் நாலு உண்டா, சொல்லுங்கள்” என்று அர்த்தம். கேம் என்றால் 3 நோ டிரம்ப், 4 ஹார்ட், 4 ஸ்பேட் போலப் போனஸ் தரும் ஒப்பந்தம். இப்போது ரெஸ்பாண்டரின் கையைப் பாருங்கள். ஸ்பேடில் ராஜா, ஜாக், 7, 4. ஹார்ட் ஒரு 6. டைமண்டில் 8, 3. கிளப்பில் ராணி, 10, 9, 7, 5, 2. ஆறே புள்ளி, கிளப்போ ஆறு சீட்டு. 2 கிளப்பில் நின்றால் நன்றாக இருக்கும் என்று தோன்றும். சொன்னால் நிற்காது. மூன்று ஸ்பேட் உள்ள ஓப்பனர் 2 ஸ்பேட் என்பார், 14 புள்ளி வைத்திருந்தால் 3 ஸ்பேடுக்கே தாவுவார். இரு கையும் சேர்த்து ஏழே ஸ்பேட் உள்ள நாலு-மூன்று ஃபிட்டில், ஆறு புள்ளியோடு, மூன்றாம் படியில் போய் நிற்பீர்கள்.

இந்தக் கைக்கு இரண்டே வழி. 1 நோ டிரம்பை பாஸ் செய்யலாம். இல்லையென்றால் 3 கிளப்புக்குத் தாவுவது பலவீனமான, நிறுத்தச் சொல்லும் ஏலம் என்று முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். நியூ மைனரைச் சேர்த்துக்கொள்ளும் ஜோடிகளில் பாதிப் பேர் இந்த 3 கிளப்பைப் பற்றிப் பேசுவதே இல்லை. ஒருவர் பலவீனம் என்று நினைத்துச் சொல்வார், மற்றவர் ஐந்து-ஐந்து பலமான கை என்று எடுத்துக்கொள்வார். கன்வென்ஷனை நன்றாகவே படித்திருப்பார்கள். அது பறித்துக்கொண்ட 2 கிளப் எங்கே குடியேறியது என்பதைத்தான் கவனிக்காமல் விட்டிருப்பார்கள்.

அடுத்தது புள்ளி. ஸ்பேட் ஐந்து வந்துவிட்டால் கேட்டே ஆகவேண்டும் என்று சிலருக்குக் கை துறுதுறுக்கும். ஸ்பேடில் ஏஸ், 10, 8, 6, 3, ஹார்ட்டில் ராஜா, 4, அப்புறம் டைமண்டில் ஒரு ஜாக். மொத்தம் 8 புள்ளி. எதிரே அதிகபட்சம் 14, கூட்டினால் 22. கேம் கிடையாது. 2 ஸ்பேட் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டிய கை இது. கேட்பதற்கு நல்ல 11 புள்ளியாவது இருக்க வேண்டும்.

இதற்கு நேர் எதிரான தவறுக்கு விலை இன்னும் அதிகம். ஸ்பேடில் ஏஸ், ராஜா உட்பட ஐந்து, ஹார்ட்டில் ராஜா, ராணி உட்பட நாலு, 13 புள்ளி. ரெஸ்பாண்டர் புது சூட் சொன்னால் ஃபோர்சிங் என்ற பழைய பாடத்தை நம்பி 2 ஹார்ட் சொல்கிறார். ஓப்பனர் 1 நோ டிரம்ப் என்று தன் பலத்தை வரையறுத்த பிறகு அந்தப் பாடம் செல்லாது. 2 ஹார்ட் என்றால் பலவீனமான ஐந்து-நாலு, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றுதான் பொருள். ஓப்பனர் பாஸ் சொல்வார். நாலு ஹார்ட் கேம் மேசையில் கிடக்க, நீங்கள் இரண்டு ஹார்ட் ஆடிக்கொண்டிருப்பீர்கள். இந்தக் கைக்காகத்தான் 2 கிளப் என்ற கருவியே இருக்கிறது.

தேவையே இல்லாமல் கேட்பவர்களும் உண்டு. ஸ்பேட் நாலு, மற்ற மூன்று சூட்டிலும் மும்மூன்று, 13 புள்ளி. ஓப்பனரிடம் நாலு ஸ்பேட் இருந்திருந்தால் ஸ்பேடையே உயர்த்தியிருப்பார். உங்களிடம் நாலு ஹார்ட்டும் இல்லை. கேட்டு என்ன தெரிந்துகொள்ளப் போகிறீர்கள்? நேராக 3 நோ டிரம்ப். செயற்கையாக 2 கிளப் சொன்னால், உங்கள் இடதுபுறம் இருப்பவர் கிளப் நீளமாக வைத்துக்கொண்டு டபுள் அடிப்பார். முதல் சீட்டு போடப் போவது அவருடைய பார்ட்னர். எந்த சூட்டைப் போட வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க நீங்களே மேடை போட்டுக் கொடுத்த கணக்கு.

ஓப்பனர் பக்கத்திலும் ஒரு ஓட்டை இருக்கிறது. ஸ்பேட் மூன்றும் ஹார்ட் நாலும் இரண்டுமே இருந்தால் எதை முதலில் சொல்வது? இரண்டு பாணியும் புழக்கத்தில் இருக்கின்றன, எதை எடுத்தாலும் ஆடலாம். ஆனால் முதலில் காட்டாததை ஓப்பனர் மறுத்துவிட்டாரா, பிறகு சொல்வாரா என்பது ரெஸ்பாண்டருக்குத் தெரிந்தாக வேண்டும். அதே போல 1 கிளப், 1 ஹார்ட் என்று போன பிறகு ஓப்பனர் சொல்லும் 1 நோ டிரம்புக்குள் நாலு ஸ்பேட் ஒளிந்திருக்குமா? சம அமைப்புக் கை என்றால் ஸ்பேடைத் தாண்டி நோ டிரம்ப் சொல்வது ஒரு பாணி, நாலு ஸ்பேடை எப்போதும் சொல்லிவிடுவது இன்னொரு பாணி. பார்ட்னர்கள் ஆளுக்கொரு பாணியில் இருந்தால், நாலு-நாலு ஸ்பேட் ஃபிட்டைத் தாண்டி 3 நோ டிரம்பில் போய் விழுவது அடிக்கடி நடக்கும்.

கேமுக்கு அழைக்கும் கையையும் கேம் உறுதியான கையையும் ஒரே ஏலத்தில் திணித்ததுதான் நியூ மைனரின் பலவீனம். அதைச் சரிசெய்ய வந்ததுதான் இருவழி முறை. 1 நோ டிரம்ப் ரீபிட்டுக்குப் பிறகு மட்டும் என்றில்லாமல், முதல் மூன்று ஏலங்களும் ஒன்றாம் படியில் இருந்தாலே பொருந்தும்படி விரித்தால் அது எக்ஸ்-ஒய்-இசட். இதில் 2 கிளப் சொன்னால் ஓப்பனர் 2 டைமண்ட் சொல்ல வேண்டும். ரெஸ்பாண்டருக்கு டைமண்டிலேயே நிற்க ஆசை, அல்லது கேமுக்கு அழைப்பு. 2 டைமண்ட் என்றால் கேம் வரை யாரும் நிறுத்தக் கூடாது.

இங்கே நடக்கும் முதல் தவறை நியூ மைனரிலிருந்து மாறி வந்த ஜோடிகளிடம் நிச்சயம் பார்க்கலாம். 2 கிளப் வந்ததும் ஓப்பனர் தன் மூன்று ஸ்பேடைப் பார்த்துவிட்டு, பெருமையாக 2 ஸ்பேட் என்பார். ரெஸ்பாண்டர் எதையுமே கேட்கவில்லை. டைமண்ட் ஐந்தும் ஆறு புள்ளியும் வைத்துக்கொண்டு, 2 டைமண்ட் வந்தால் பாஸ் செய்யலாம் என்று காத்திருந்தார். இந்த 2 கிளப் ஓர் உத்தரவு. கை எவ்வளவு அழகாக இருந்தாலும் 2 டைமண்ட் சொல்லிவிட்டு, அடுத்து வருவதைக் கேளுங்கள்.

இந்த முறையில் 2 கிளப்பில் நிற்கவே முடியாது. பலவீனமான கிளப் கைக்குப் பொதுவான ஏற்பாடு, 2 நோ டிரம்ப் சொல்லி ஓப்பனரை 3 கிளப் சொல்ல வைப்பது. அப்படியானால் இயல்பான 2 நோ டிரம்ப் அழைப்பு எங்கே போயிற்று? முதலில் 2 கிளப், பிறகு 2 நோ டிரம்ப். ஒன்றை நகர்த்தினால் இன்னொன்றும் நகரும்.

கன்வென்ஷன் அட்டையில் எக்ஸ்-ஒய்-இசட், ஃபோர்த் சூட் ஃபோர்சிங் இரண்டையும் எழுதி வைத்திருக்கும் ஜோடிகளுக்கு ஒரு குழி காத்திருக்கிறது. 1 டைமண்ட், 1 ஹார்ட், 1 ஸ்பேட், 2 கிளப். இந்த 2 கிளப், மற்ற மூன்று சூட்டும் சொல்லியான பிறகு வரும் செயற்கையான நாலாவது சூட்டா, 2 டைமண்ட் சொல்லச் சொல்லும் உத்தரவா? ஒருவர் கேம் பலத்தோடு முதலாவதை நினைத்துச் சொல்ல, மற்றவர் இரண்டாவதாக எடுத்துக்கொண்டு 2 டைமண்ட் சொல்லி, அழைப்பு மட்டும்தான் என்று குறைவாக மதிப்பிடுவார். ஓப்பனரின் ரீபிட் ஒன்றாம் படியில் இருந்தால் எக்ஸ்-ஒய்-இசட், இரண்டாம் படிக்குப் போய்விட்டால் ஃபோர்த் சூட் என்று கோடு கிழித்துக்கொண்டால் தீர்ந்தது. 1 கிளப், 1 டைமண்ட், 1 ஹார்ட் என்று போன பிறகு வரும் 1 ஸ்பேடை மட்டும் தனியாகப் பேசுங்கள். எக்ஸ்-ஒய்-இசட் ஆடுபவர்களுக்கு அது நிஜமான நாலு ஸ்பேடாக இருப்பதே வசதி.

நாலாவது சூட்டை ஃபோர்சிங்காக ஆடும் யோசனையைப் பரப்பியவர் இங்கிலாந்தின் நார்மன் ஸ்குயர். அங்கே ஏக்கால் முறையில் அது வழக்கமாக ஒரு சுற்றுக்கு மட்டும் கட்டாயம். அமெரிக்காவில் ஒன்றுக்கு-மேல்-இரண்டு (டூ ஓவர் ஒன்) முறை ஆடுபவர்களுக்கு அது கேம் வரை கட்டாயம். ஆன்லைனில் முன்பின் தெரியாத பார்ட்னரோடு உட்கார்ந்து “ஃபோர்த் சூட் ஆடலாமா?”, “சரி” என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்துவிடாது. 1 டைமண்ட், 1 ஸ்பேட், 2 கிளப், 2 ஹார்ட், 2 நோ டிரம்ப், 3 டைமண்ட். கடைசி ஏலத்தை ஒருவர் அழைப்பாக எண்ணி பாஸ் செய்வார், மற்றவர் ஸ்லாமை (12 அல்லது 13 ட்ரிக் எடுக்கும் ஒப்பந்தத்தை) நோக்கி நடந்துகொண்டிருப்பார். கேம் வரை கட்டாயம் என்று வைத்துக்கொண்டால், அழைப்புக் கைகள் நேராகத் தாவ வேண்டும்: 2 கிளப்புக்குப் பிறகு நேரே 3 டைமண்ட், நேரே 3 ஸ்பேட்.

இதே ஏலத்தில் ரெஸ்பாண்டரிடம் ஸ்பேடும் ஹார்ட்டும் ஐந்து-ஐந்து, 7 புள்ளி என்று வையுங்கள். ஹார்ட்டைச் சொல்லத் துடிக்கும். 2 ஹார்ட் சொன்னால் கேம் வரை போகிறீர்கள் என்று பொருள். சங்கடமாக இருந்தாலும் 2 டைமண்டுக்குத் திரும்புவதோ, 2 கிளப்பை பாஸ் செய்வதோதான் வழி.

நாலாவது சூட்டான 2 ஹார்ட்டுக்கு ஓப்பனர் பதில் சொல்லும் வரிசையும் முக்கியம். மூன்று ஸ்பேட் இருந்தால் 2 ஸ்பேட். இல்லாமல், ஹார்ட்டில் ஸ்டாப்பர் (எதிரிகள் அந்த சூட்டை ஓட்டாமல் தடுக்கும் சீட்டு) இருந்தால் 2 நோ டிரம்ப். இரண்டும் இல்லாதபோதுதான் சோதனை: ஸ்பேட் இரண்டு, ஹார்ட்டில் ஒன்றுமில்லாத இரண்டு சீட்டு, டைமண்ட் ஐந்து, கிளப் நாலு. எதைச் சொன்னாலும் பொய். வேறு வழியில்லாமல் 2 நோ டிரம்ப் சொல்பவர்கள்தான் அதிகம், அதுவே மோசமான பொய். பார்ட்னர் 3 நோ டிரம்புக்கு ஏற்றிவிடுவார், எதிரிகள் ஹார்ட்டில் ஐந்து ட்ரிக் எடுப்பார்கள். ஒரு பெரிய சீட்டாவது (ஹானர்) உள்ள இரண்டு ஸ்பேடை மூன்று மாதிரி காட்டுவது, அல்லது நல்ல டைமண்டை மறுபடி சொல்வது, இதில் எந்தப் பொய் நம்முடையது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளலாம்.

ரிவர்ஸுக்குப் பிறகு (ஓப்பனர் தன் முதல் சூட்டை விட உயர்ந்த சூட்டை இரண்டாம் படியில் சொல்வதுதான் ரிவர்ஸ்) லெபன்சோல் என்ற கன்வென்ஷன் ஆடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. 1 டைமண்ட், 1 ஸ்பேட், 2 ஹார்ட் என்று ஓப்பனர் பலம் காட்டுகிறார். ரெஸ்பாண்டரின் 2 நோ டிரம்ப் இப்போது செயற்கை, பலவீனம். ஓப்பனர் 3 கிளப் சொல்ல வேண்டும், ஆனால் ரிவர்ஸுக்குக் குறைந்தபட்சக் கை இருந்தால் மட்டும். பார்ட்னர் ஆறே புள்ளி வைத்திருந்தாலும் கேம் உண்டு என்கிற அளவுக்குப் பலம் இருந்தால் 3 கிளப்பை விட்டு விலகியே ஆக வேண்டும், ஏனென்றால் 3 கிளப் வந்தால் அவர் பாஸ் செய்யக்கூடும். எக்ஸ்-ஒய்-இசட்டில் உடைக்கக் கூடாத உத்தரவு, இங்கே சில சமயம் உடைத்தே தீர வேண்டும். இரண்டையும் ஒரே வாரத்தில் கற்றுக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து. இத்தாலியின் கத்சில்லி என்ற கன்வென்ஷன் இவற்றையெல்லாம் விடக் கனமானது. அதில் ஓப்பனரின் 2 கிளப் ரீபிட் சாதாரண கிளப் கையாகவும் இருக்கலாம், 16க்கு மேல் எந்தக் கையாகவும் இருக்கலாம். மேலே சொன்னவை கைவந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நடுவில் எதிரி நுழைந்தால் என்ன? எளிய விதி ஒன்று போதும்: எதிரி ஏலம் சொன்னால் எக்ஸ்-ஒய்-இசட் இல்லை, டபுள் மட்டும் சொன்னால் உண்டு. ரெஸ்பாண்டர் முதலிலேயே பாஸ் செய்தவராக இருந்தால் கேம் வரை கட்டாயம் என்ற அர்த்தமும் பெரும்பாலும் பொருந்தாது. அதையும் பேசிவிடுங்கள்.

கடைசியாக அலர்ட், அதாவது பார்ட்னரின் ஏலத்துக்குத் தனிப் பொருள் உண்டு என்று எதிரிகளுக்குச் சொல்வது. எதற்கு அலர்ட் தேவை என்பது போட்டியை நடத்தும் அமைப்பைப் பொறுத்து மாறும், ஆனால் சட்டம் எல்லா இடத்திலும் ஒன்றுதான். நீங்கள் 2 கிளப்பை நிஜமான கிளப் என்று நினைத்துச் சொல்கிறீர்கள். பார்ட்னர் அலர்ட் செய்து, கேட்டவர்களுக்கு நியூ மைனர் என்று விளக்குகிறார். சட்டென்று நினைவு வருகிறது. அந்த நினைவைப் பயன்படுத்த உங்களுக்கு அனுமதி இல்லை. அலர்ட்டே காதில் விழாதது போல, பார்ட்னரின் பதில் உங்கள் நிஜமான கிளப்புக்கு வந்தது என்று எண்ணித்தான் அடுத்த ஏலத்தைச் சொல்ல வேண்டும். விதிப் புத்தகத்தின் 16ஆம் சட்டம் இதற்காகவே இருக்கிறது. உங்கள் ஒப்பந்தம் உண்மையிலேயே நியூ மைனர் என்றால் பார்ட்னர் சொன்ன விளக்கம் சரியானது, அதைத் திருத்த வேண்டியதில்லை. எதிரிகளுக்கு உங்கள் ஒப்பந்தத்தைத் தெரிந்துகொள்ளத்தான் உரிமை, உங்கள் சீட்டுகளை அல்ல. விளக்கம் தவறாக இருந்தால் ஏலம் நடக்கும்போது திருத்தக் கூடாது. டிக்ளேரர் பக்கம் (ஏலத்தை வென்ற ஜோடி) என்றால் கடைசி பாஸ் விழுந்ததும், முதல் சீட்டு வரும் முன்பே டைரக்டரை அழைத்துச் சொல்லிவிட வேண்டும். டிஃபென்ஸ் பக்கம் என்றால் அந்தக் கை முழுவதும் ஆடி முடிந்த பிறகுதான்.