கித்தான் கூரைக்குத் துளை வேண்டாம், கூழாங்கல் போதும்

பழங்கால வாழ்க்கையை நடித்துக் காட்டும் முகாமில் கித்தான் கூரை கட்டும்போது, ஓரத்தில் துளையிட்டுப் பித்தளை வளையம் அடிப்பதற்குப் பதிலாக, கோலிக்குண்டைவிடச் சற்றுப் பெரிய, வழவழப்பான கூழாங்கல்லைத் துணியின் உட்புறம் வைத்துப் பொதிந்து, கல்லுக்குக் கீழே துணி குவியும் கழுத்தில் கயிற்றைச் சுருக்கிட்டு முளையில் கட்டிவிடுங்கள். நெசவு இழைகள் அறுபடாததாலும், இழுவிசை ஒரு துளையின் விளிம்பில் குவியாமல் கல்லைச் சுற்றியுள்ள துணியில் பரவுவதாலும் கிழிசல் எளிதில் வராது. இழுக்க இழுக்கச் சுருக்கு இறுகுமே தவிர நழுவாது. பளபளக்கும் வளையம் காலப் பொருத்தத்தைக் கெடுக்கும் தொல்லையும் இல்லை. கல்லில் கூர்முனை இருந்தால் துணி அறுந்துவிடும். மடிக்கவே வராத தடித்த கித்தானுக்கும், பலத்த காற்றில் நாள்கணக்கில் நிற்க வேண்டிய கூரைக்கும் இது ஒத்துவராது. அவற்றுக்கு ஓரத்தை மடித்துத் தைத்து, துளையின் விளிம்பைத் தடித்த நூலால் நெருக்கமாகச் சுற்றித் தைப்பதே சரி.