தகரக் கூரைக்குக் கீழே வயரிங்: விடக்கூடாத பிழைகள்

போன வாரம் மட்டக்களப்பு கல்லடியில் ஒரு வீட்டு வேலை. புதிதாகச் சேர்ந்த தம்பி, எந்த வயர் எவ்வளவு கரண்ட் தாங்கும் என்ற அட்டவணையைப் பார்த்துவிட்டு, "அண்ணே, 7/0.67 வயர் 24 அம்பியர் தாங்குமாம். 20 பிரேக்கர் போட்டாச் சரிதானே?" என்றான். வேலை பழகிய காலத்தில் நானும் இதையேதான் சொன்னேன்.

அட்டவணையின் 24-ஐ அப்படியே நம்புவது

7/0.67 என்றால் 0.67 மில்லிமீட்டர் தடிப்பில் ஏழு இழை, மொத்தம் 2.5 சதுர மில்லிமீட்டர். அதற்கு 24 அம்பியர் என்பது சுற்றுப்புறம் 30 டிகிரி, பைப்புக்குள் ஒரே ஒரு சர்க்கியூட் என்று வைத்துப் போட்ட கணக்கு. கச்சான் காற்று வீசும் ஆனி ஆடியில் தகரத்துக்கும் சீலிங்குக்கும் நடுவே ஏது 30 டிகிரி?

பிவிசி வயரின் செம்பு 70 டிகிரியைத் தாண்டக் கூடாது. சுற்றுப்புறம் 30 என்றால் சூடேற 40 டிகிரி இடம் இருக்கிறது. 50 என்றால் 20 தான். சூடு கரண்டின் வர்க்கத்தோடு ஏறுவதால், இடம் பாதியாகும்போது கரண்ட் 0.71 மடங்காகும். 24 அம்பியர் 17 ஆகிவிட்டது. அதே பைப்பில் மூன்று சர்க்கியூட் போனால் இன்னும் 0.70 ஆல் பெருக்க வேண்டும். மிஞ்சுவது 12 கூட இல்லை.

ஏறாவூர்ப் பக்கம் ஒரு பேக்கரிக்கு 4 கிலோவாட் கரண்ட் அடுப்பு பூட்டிக் கொடுத்தேன். அது 17 அம்பியர் இழுக்கும். 2.5 வயரை வேறு இரண்டு சர்க்கியூட்டோடு ஒரே பைப்பில், தகரத்தை ஒட்டி இழுத்தேன். 20 அம்பியர் பிரேக்கர் ஒரு நாளும் விழவில்லை. எனக்கு இன்றும் ஆத்திரம் வருவது இதில்தான்: 17 அம்பியர் ஓடினால் 20 அம்பியர் பிரேக்கருக்கு அதில் ஒரு குறையும் தெரியாது. வயர் மட்டும் மேலே வெந்துகொண்டிருக்கும். அடுத்த கச்சானுக்கு, "தம்பி, மேலே என்னவோ பொசுங்குற மணம்" என்று முதலாளி கூப்பிட்டார். பைப்பை வெட்டி வயரை விரலால் வளைத்தேன். உறை பப்படம் போல நொறுங்கி உதிர்ந்தது, உள்ளே செம்பு கறுத்திருந்தது. மூன்று சர்க்கியூட்டையும் என் காசில் மாற்றினேன். பேக்கரி இரண்டு நாள் பூட்டு.

கணக்கைப் பிரேக்கரில் இருந்து தொடங்குங்கள். 20-ஐ 0.71 ஆல் வகுத்தால் 28. அப்படியென்றால் 32 அம்பியர் தாங்கும் 4 சதுர மில்லிமீட்டர் வயர், தனிப் பைப்பில். பைப்பைச் சுவர் வழியே கொண்டுபோக முடிந்தால் அது இன்னும் நல்லது. அங்கே சுற்றுப்புறம் 35 டிகிரி என்றால் 0.94 ஆல் பெருக்கினால் போதும், தனியே போகும் 2.5 வயரே தாங்கும்.

பிரேக்கர் விழுகிறதென்று பெரிதாகப் போடுவது

வேண்டாம். எம்சிபி என்கிற இந்தப் பிரேக்கரும் 30 டிகிரிக்கு அளவு வைத்ததுதான், வெயில் படும் பெட்டிக்குள் முந்தி விழும். பெட்டியை நிழலுக்கு மாற்றுங்கள்.

90 டிகிரி கேபிளை 70 டிகிரி சாக்கெட்டில் முடிப்பது

கேபிளின் உறை 90 டிகிரி வரை தாங்கும். அது போய் முடியும் சாக்கெட்டின் முனை 70-க்கு மேல் தாங்காது.

காலை எட்டு மணிக்குச் சூடு அளப்பது

கல்லடித் தம்பியும் காலையில்தான் அளந்தான், 33 என்றான். மத்தியானம் இரண்டு மணிக்கு வெப்பமானியோடு திரும்ப ஏணியில் ஏற்றினேன். வியர்வை ஒழுக இறங்கி வந்து, "52 அண்ணே" என்றான். அப்புறம் 4 சதுர மில்லிமீட்டர் வயர் வாங்கக் கடைக்குப் போனான்.