கேம்பர் வேனுக்குப் புல்பார்: எஃகா, அலுமினியமா?

ஆஸ்திரேலியாவில் ஊரைத் தாண்டிவிட்டால் அந்தியிலும் விடியலிலும் கங்காரு எப்போது குறுக்கே பாயும் என்று சொல்ல முடியாது. என் பழைய டொயோட்டா ஹையேஸ் கேம்பர் வேனில் அப்படி ஒன்று மோதியதில் பிளாஸ்டிக் பம்பர் தெறித்து, ரேடியேட்டரும் நசுங்கியது. நீண்ட மூக்கில்லாத வண்டி. ஓட்டுநரின் கால்களுக்கு முன்னால் அதிக இடமில்லை. வண்டியின் முன்னால் அடிதாங்க மாட்டும் கம்பிச் சட்டமான புல்பார் போட்டே தீர வேண்டும் என்றாயிற்று.

கடையில் முதலில் காட்டியது எஃகு. அடிபட்டால் தட்டி நிமிர்த்தலாம், வெல்டிங் வைக்கலாம்; ஆனால் நல்ல கனம். கேம்பரிலோ கட்டில், தண்ணீர்த் தொட்டி, கூடுதல் பாட்டரி என்று எடை ஏற்கெனவே ஏறிக் கிடக்கிறது. சாமான்களோடு எடைமேடைக்குப் போய் முன்சக்கரங்களை மட்டும் நிறுத்திப் பார்த்தேன். அனுமதித்த அச்சுச் சுமைக்குக் கொஞ்சம்தான் மிச்சம். அலுமினியம் என்று அங்கேயே முடிவாகிவிட்டது. (விலையைக் கேட்டதும் எஃகின்மேல் மறுபடி ஆசை வந்தது வேறு கதை.)

அதைவிட முக்கியம் ஏர்பேக். பொருந்தாத கம்பியை மாட்டினால் மோதலின் அதிர்ச்சி சென்சாருக்குப் போய்ச் சேரும் விதமே மாறிவிடும். ஆகவே இந்த மாடலுக்கென்றே சோதித்ததைத்தான் வாங்கினேன்.

பொருத்தியபின் முன்பக்கம் சற்றுத் தாழ்ந்தது. இந்த வண்டியில் முன்னால் சுருள்வில் கிடையாது, முறுக்கிக்கொண்டு எடையைத் தாங்கும் எஃகுத் தண்டான டார்ஷன் பார்தான். அதன் போல்ட்டைத் திருகி உயரத்தை மீட்டோம். வீல் அலைன்மென்ட்டும் பார்த்து, ஹெட்லைட்டின் கோணத்தையும் சரிசெய்தோம். அந்த போல்ட்டைத் திருகினால் உயரம்தான் கூடும், வண்டி தாங்கும் எடை அதிகமாகாது.