சென்னைப் புறநகரில் தனியாகக் குடியேறுகிறீர்களா? ஏரியா பார்ப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையிலிருந்தோ தஞ்சாவூரிலிருந்தோ வேலை கிடைத்துச் சென்னைக்குத் தனியாகக் கிளம்புகிறவர்கள் முதலில் விசாரிப்பது வாடகையைத்தான். "பத்தாயிரத்துக்குள்ள சிங்கிள் பெட்ரூம் எந்தப் பக்கம் கிடைக்கும்?" முதல் சம்பளம் கைக்கு வருவதற்குள் அட்வான்ஸ் எடுத்து வைக்க வேண்டிய ஊர் இது, கேட்பது நியாயம். ஆனால் வாடகை கட்டுப்படியாகிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு புறநகரில் போய் உட்கார்ந்துவிட்டு, சில மாதங்களிலேயே சாமானைக் கட்டுகிறவர்களைத் தொடர்ந்து பார்க்கிறேன். குடும்பமாக இருப்பவர்கள் ஒரு ஏரியாவின் குறைகளைத் தங்களுக்குள் பிரித்துக்கொள்வார்கள். தண்ணி லாரி வரும்போது ஒருவர் வீட்டில் இருப்பார். ராத்திரி ஸ்டேஷனுக்கு வண்டி எடுத்துக்கொண்டு ஒருவர் வருவார். காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துக் கொடுக்க ஆள் இருக்கும். தனி ஆளுக்கு எல்லாம் ஒரே தலையில்தான். அதனால் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பதைவிட அதிக நேரத்தை அவர் தெருவில் செலவழிக்க வேண்டும்.

ஊரில் இருந்தபடியே அட்வான்ஸ் அனுப்புவது

இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான். நாலு போட்டோ, ஒரு வீடியோ கால், "சார் இன்னும் ரெண்டு பேர் கேட்டுட்டு இருக்காங்க" என்று புரோக்கர் போடும் அவசரம், உடனே ஜிபேயில் பணம் போய்விடும். போட்டோவில் ஹால் தெரியும். பக்கத்துக் காலி மனையில் தேங்கி நிற்கும் சாக்கடை தெரியாது.

முதல் ஒரு மாதம், முடிந்தால் இரண்டு மாதம், ஒரு விடுதியிலோ பிஜியிலோ தங்கிவிடுங்கள். ஆபீஸுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும், கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் பரவாயில்லை. வேலை நேரம் உண்மையில் எப்போது முடிகிறது, ஷிப்ட் மாறுமா, வாரத்தில் எத்தனை நாள் ஆபீஸ் போக வேண்டும் என்பதெல்லாம் அதற்குள் தெரிந்துவிடும். இவை தெரியாமல் எந்த ஏரியா சரி என்று யாராலும் சொல்ல முடியாது. பெண்களுக்கு அரசின் தோழி விடுதிகள் தாம்பரம், கூடுவாஞ்சேரி, அடையாறு போன்ற இடங்களில் இருக்கின்றன, இடம் காலி இருக்கிறதா என்று முதலில் அங்கே பாருங்கள். தனியார் மகளிர் விடுதி என்றால், 2014-ல் வந்த தமிழ்நாட்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெற்றிருக்க வேண்டும். "லைசென்ஸ் இருக்கா?" என்று கேட்கத் தயங்காதீர்கள். கேட்டதும் முகம் சுளிக்கிற இடத்தில் தங்க வேண்டாம்.

கிலோமீட்டரை நம்புவது

"தாம்பரத்திலிருந்து பத்தே நிமிஷம்" என்று விளம்பரம் இருந்தால், எந்தத் தாம்பரம் என்று கேளுங்கள். ரயில் பாதை ஊரை இரண்டாகப் பிரிக்கிறது. கிழக்கே சேலையூர், கேம்ப் ரோடு, ராஜகீழ்ப்பாக்கம். மேற்கே முடிச்சூர் சாலை. மேப்பில் கூப்பிடு தூரமாகத் தெரியும் வீட்டுக்கு, இந்தப் பக்கம் இறங்கி அந்தப் பக்கம் கடந்து போக வேண்டியிருக்கும். அதுவே மாடம்பாக்கம், அகரம்தென் என்றால் ஸ்டேஷனில் இறங்கிய பிறகு பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ ஏறித்தான் ஆக வேண்டும். எழுதுவதென்னவோ தாம்பரம் என்றுதான் எழுதுவார்கள்.

அடுத்தது ரயில். மின்சார ரயில் போகும் வழிகள் மூன்று நான்குதான்: கடற்கரையிலிருந்து தாம்பரம் வழியாகச் செங்கல்பட்டுக்கு ஒன்று, சென்ட்ரலிலிருந்து அம்பத்தூர், ஆவடி வழியாக அரக்கோணத்துக்கு ஒன்று, கும்மிடிப்பூண்டிக்கு ஒன்று, வேளச்சேரிக்குப் பறக்கும் ரயில். ஐடி கம்பெனிகள் வரிசைகட்டி நிற்கும் ஓ.எம்.ஆரில், அதாவது பழைய மகாபலிபுரம் சாலையில், மின்சார ரயில் கிடையாது. மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை மெட்ரோ வேலை நடக்கிறது. ஆனால் "மெட்ரோ வரப்போகுது" என்பதற்காக இன்றைக்கே கூடுதல் வாடகை கொடுப்பதில் தனி ஆளுக்கு எந்த லாபமும் இல்லை. ஓடும்போது அங்கே குடிபோகலாம். ஆபீஸ் சோழிங்கநல்லூரில், வீடு குரோம்பேட்டையில் என்றால் ஸ்டேஷன் பக்கத்தில் இருந்து என்ன பயன்? தினமும் பல்லாவரம் துரைப்பாக்கம் ரேடியல் சாலையிலோ மேடவாக்கம் கூட்டுரோட்டிலோதான் நிற்பீர்கள். வீடு முடிவு செய்வதற்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை, ஆபீஸ் போகிற அதே நேரத்தில், அந்தத் தெருவிலிருந்து ஆபீஸ் வாசல் வரை ஒருமுறை போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டு வருவது கணக்கில் சேராது. அன்றைக்குச் சாலை காலி, ரயிலும் குறைவு.

ஊருக்குப் போய் வரும் வழியை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். தனியாக இருப்பவர் அடிக்கடி ஊருக்குப் போவார், அதுதான் இயல்பு. தென்மாவட்டப் பஸ்கள் 2023 டிசம்பர் இறுதியில் திறந்த கிளாம்பாக்கம் முனையத்துக்கு மாறிவிட்டன. அது வண்டலூருக்கு அந்தப் பக்கம். ஆவடியிலோ அம்பத்தூரிலோ வீடு எடுத்துக்கொண்டு திருநெல்வேலி பஸ்ஸில் திங்கள் விடியற்காலையில் வந்து இறங்கினால், அங்கிருந்து வீடு சேர்வதே இன்னொரு பயணம். பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம் பக்கம் இருப்பவருக்கு அந்தக் கஷ்டம் இல்லை.

மே மாதத்தில் பார்த்து நவம்பரில் தவிப்பது

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் வீடுகள் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பகுதிகளில் வெள்ளம் சூழ்ந்து மக்களைப் படகில் மீட்க வேண்டியிருந்தது. காரணம் இரகசியமில்லை. தென்சென்னையின் ஏரிகள் நிரம்பி வழியும் தண்ணீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் விழுந்து கடலுக்குப் போக வேண்டும். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022-ல் சேர்ந்த அந்தச் சதுப்பைச் சுற்றித்தான் இத்தனை கட்டடங்களும் எழும்பி நிற்கின்றன.

இதற்காக இந்த ஏரியாக்கள் எதுவுமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரே குடியிருப்பில் மூன்றாவது தெருவில் முட்டிவரை தண்ணி நிற்கும், ஐந்தாவது தெருவில் கால் நனையாது. கோடையிலும் அதைக் கண்டுபிடிக்கலாம். காம்பவுண்டுச் சுவரில் ஓரடி, இரண்டடி உயரத்தில் ஒரே மட்டமாகப் பழுப்புக் கோடு ஓடுகிறதா பாருங்கள். புதுப் பெயின்ட் அடித்திருந்தால் பக்கத்து வீட்டுச் சுவர், டிரான்ஸ்பார்மர் மேடை, கோயில் மதில் என்று பார்வையை நகர்த்துங்கள். சாலை மேலே இருந்து, வீட்டுக்குள் படியிறங்கிப் போகிறீர்களா? திரும்பத் திரும்ப ரோடு போட்டு உயர்த்தியதில் பல பழைய வீடுகள் பள்ளத்தில் போய்விட்டன. புதிதாகக் கட்டிய வீடுகளெல்லாம் நாலடி உயர்த்திக் கட்டியிருந்தால், அந்தத் தெருக்காரர்களுக்கு ஏதோ தெரியும் என்று பொருள். ஈபி மீட்டர் பெட்டியைப் பிடுங்கி மேலே மாட்டிய தழும்பு சுவரில் இருக்கும்.

வீட்டு ஓனரிடம் "மழைத்தண்ணி நிக்குமா?" என்று கேட்டால் கிடைக்கும் பதில் உங்களுக்கே தெரியும். தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம் கேளுங்கள். "மிக்ஜாமுக்கு வண்டிய எங்க கொண்டு போய் நிறுத்துனீங்கண்ணே?" என்று கேட்டுப் பாருங்கள், எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணி நின்றது, எத்தனை நாள் கரண்ட் இல்லை என்று வரிசையாகச் சொல்லிவிடுவார். தரைத்தளத்தில் வாடகை குறைவாக இருக்கிறதே என்று மட்டும் ஆசைப்படாதீர்கள். நீங்கள் ஆபீஸில் இருக்கும்போது தண்ணி உள்ளே வந்தால் கட்டிலையும் சர்டிபிகேட்டையும் தூக்கி மேலே வைக்க ஆள் கிடையாது.

தண்ணியும் சாப்பாடும்

புறநகரில் பல தெருக்களுக்கு இன்னும் குழாய்த் தண்ணீர் வரவில்லை. போர் தண்ணி உப்பாக இருந்தால் குடிக்கக் கேன், குளிக்க லாரி. 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது ஓ.எம்.ஆர். கம்பெனிகள் சில, ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னது பலருக்கு நினைவிருக்கும். வீடு பார்க்கும்போதே குழாயைத் திறந்து ஒரு வாய் கொப்பளித்துப் பாருங்கள். மோட்டார் யார் போடுவது, எத்தனை மணிக்குப் போடுவார்கள், லாரிக்குப் பணம் வாடகையில் அடக்கமா என்று கேளுங்கள். காலை பத்து மணிக்கு மோட்டார் போடும் வீட்டில், உங்கள் பக்கெட்டை யார் நிரப்புவார்கள்?

சாப்பாட்டு விஷயம் எளிது, ஆனாலும் பாருங்கள். நடக்கிற தூரத்தில் ஒரு மெஸ், ஒரு மெடிக்கல் ஷாப், ஒரு டாக்டர் இருந்தால் போதும். மெஸ் ஞாயிறு ராத்திரி திறந்திருக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சமைப்பவர்கள் ஐந்து கிலோ சின்ன சிலிண்டர் வாங்கலாம், அதற்கு முகவரிச் சான்று தேவையில்லை, அடையாள அட்டை போதும்.

பகலில் மட்டும் பார்ப்பது

காலை பதினோரு மணிக்கு எந்தத் தெருவும் நல்ல தெருதான். ராத்திரி ஒன்பதரைக்கு ஸ்டேஷனிலோ பஸ் ஸ்டாப்பிலோ இறங்கி, வீடு வரை நடந்து பாருங்கள். எத்தனை தெருவிளக்கு எரிகிறது, எந்த இடத்தில் கடைகள் முடிந்து இருட்டு ஆரம்பிக்கிறது, நாய்கள் எங்கே கூட்டமாகப் படுத்திருக்கின்றன, ஒயின் ஷாப் வழியில் இருக்கிறதா? பெண்கள் துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள், ஆனால் பார்க்காமல் விடாதீர்கள். தனி வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கும் புது நகர்களைவிட, மளிகைக் கடையும் பரோட்டாக் கடையும் இருக்கிற, கொஞ்சம் நெரிசலான பழைய தெருவைத்தான் தனி ஆளுக்கு நான் சிபாரிசு செய்வேன். பத்து மணிக்கும் அங்கே யாராவது விழித்திருப்பார்கள்.

சொந்தக்காரர் இருக்கிறார் என்பதற்காகவே ஏரியா எடுப்பது

"சித்தப்பா ஆவடியில இருக்காங்க, பக்கத்துலேயே பாத்துக்கோ" என்று வீட்டில் சொல்வார்கள். பெற்றவர்களின் பயம் புரிகிறது, உதவிக்கு ஒருவர் இருப்பது பெரிய பலம்தான். ஆனால் ஆபீஸ் சிறுசேரியில் என்றால் தினமும் நகரத்தையே குறுக்கே கடக்க வேண்டும். சித்தப்பா வீட்டுக்கு மாதம் இரண்டு ஞாயிறு போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவது இரண்டு பேருக்குமே நல்லது. அவர் உதவியை வேறு விதத்தில் கேளுங்கள்: ஓனரிடம் பேசும்போது கூட வந்து நிற்கச் சொல்லுங்கள்.

ஏனென்றால் ஓனர் முதலில் கேட்பது, "நீங்க மட்டும்தானா தம்பி? ஃபேமிலி எப்போ வருவாங்க?" என்றுதான். வீடு கிடைக்க வேண்டுமே என்று "அடுத்த மாசம் வந்துடுவாங்க சார்" என்று சொல்லிவிடாதீர்கள். அந்த அடுத்த மாதத்திலிருந்து தினமும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். தனியாகத்தான் இருப்பேன் என்று சொல்லி, கேட் எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள், நண்பர்கள், பெற்றோர் வந்து தங்கலாமா, அசைவம் சமைக்கலாமா என்று அங்கேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள். பேச்சிலர்களுக்குக் கொடுக்கவே மாட்டோம் என்ற போர்டு தெரு முழுக்கத் தொங்கினால், அந்த ஏரியாவில் ஒரே ஒரு வீடு கிடைத்தாலும் யோசியுங்கள். ஓனர் சம்மதித்தாலும் அக்கம்பக்கத்தார் உங்களைக் கண்காணித்துக்கொண்டே இருப்பார்கள்.

பணப் பேச்சில் மூன்று விஷயம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் கட்டாயம், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவும் வேண்டும். அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்று சட்டம் சொன்னாலும், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் அதற்கும் இடம் விட்டிருக்கிறது. அதனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் பேரம் பேசுங்கள். அட்வான்ஸை வங்கி வழியாகவே கொடுங்கள். காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். கடைசியாகக் கரண்ட். வீட்டுக்குத் தனி ஈபி இணைப்பு இருந்தால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் உங்களுக்கு வரும், தனி ஆளின் செலவில் பெரும்பகுதி அதிலேயே அடங்கிவிடும். ஓனர் தன் இணைப்பிலிருந்தே சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு, பத்து என்று வாங்கும் வீட்டில் அது கிடைக்காது. வாடகை ஐந்நூறு குறைவு என்று எடுத்த வீடு, ஏசி போடும் மாதங்களில் அந்த ஐந்நூறைத் திருப்பி வாங்கிக்கொள்ளும்.