20 நிமிஷத்துல ரெண்டாகுற ஈ.கோலை, 40 நிமிஷ டிஎன்ஏ காப்பி: இந்தக் கணக்கை பேப்பர்ல போடுறது எப்படி

மைக்ரோபயாலஜி படிச்ச எல்லாரும் ஒருதடவையாவது முழிச்ச இடம் இது. நல்ல மீடியம் (வளர்றதுக்கான சத்துக் கரைசல்) கிடைச்சா ஈ.கோலைங்கற குடல் பாக்டீரியா 20 நிமிஷத்துக்கு ஒருக்கா ரெண்டாகுது, ஆனா குரோமோசோமை முழுசா காப்பி எடுக்கவே 40 நிமிஷம் வேணும், அப்புறம் எப்படிங்க கட்டுப்படியாகும்? நான் காலேஜ்ல ஃபார்முலாவை மட்டும் மனப்பாடம் பண்ணி ஒப்பேத்துன ஆளு, படம் போட்டுப் பாத்தப்புறம்தான் புரிஞ்சுச்சு, அதனால பென்சில் எடுங்க.

முதல்ல ஒரு வட்டம், அதுதான் குரோமோசோம். லேப்ல வளக்குற கே-12 வகையில அது சுமார் 46 லட்சம் பேஸ் ஜோடி (டிஎன்ஏ எழுத்து ஜோடி). உச்சியில ஒரு புள்ளி வைங்க, அதுதான் காப்பி ஆரம்பிக்கிற இடமான ஓரி-சி, சுருக்கமா ஓரி. டிஎன்ஏ-ஏ புரோட்டீன் அங்க உக்காந்து இழையைப் பிரிச்சுவிட்டதும் ரெண்டு ஃபோர்க் (காப்பி எடுத்துக்கிட்டே நகர்ற முனை) கிளம்பி ஆளுக்கொரு பக்கமா ஓடி கீழ காப்பி முடியற டெர் ஏரியாவுல சந்திக்கும். ஒரு ஃபோர்க் பங்கு 23 லட்சம், செகண்டுக்கு சுமார் 1000 வீதம் 2300 செகண்ட், அதாவது 40 நிமிஷத்துக்குக் கொஞ்சம் கம்மி. நிறைய பேரு 46 லட்சத்தையே 1000-ஆல வகுத்து 77 நிமிஷம்னு எழுதிட்டு வருவாங்க, ஃபோர்க் ரெண்டுங்கறதை மறக்காதீங்க. காப்பி முடிஞ்சு செல் பிரியறதுக்கு இன்னொரு 20. காப்பி எடுக்குற 40-க்கு சி பீரியட், இந்த 20-க்கு டி பீரியட்னு பேரு, 1968-ல கூப்பரும் ஹெல்ம்ஸ்டெட்டரும் போட்ட கணக்கு. ஆக, பிரியறதுக்கு 60 நிமிஷம் முன்னாடியே காப்பி ஆரம்பிச்சிருக்கணும்.

நேரா 20-க்குப் போகாம, 30 நிமிஷத்துக்கு ஒருக்கா ரெண்டாகுற செல்லை முதல்ல போடுங்க. அப்பதான் பிறந்த செல்லுக்குள்ள ஒரே வட்டம், ஆனா போன தலைமுறையில கிளம்புன ஃபோர்க் முக்கால்வாசி தூரம் வந்திருக்கும், உச்சியில ரெண்டு ஓரி. இப்ப அந்த ரெண்டும் சேந்தே கிளம்பும், ஓரி நாலாகிடும். 10 நிமிஷத்துல பழைய ஃபோர்க் டெர்ல முட்டி வட்டம் ரெண்டாகும், புதுசா கிளம்புன ஃபோர்க் அதுக்குள்ள கால்வாசி வந்திருக்கும். 30-வது நிமிஷம் செல் பிரியறப்போ உங்க முதல் படமே திரும்ப வரணும். வரலைன்னா எங்கயோ ஒரு ஃபோர்க்கை விட்டுட்டீங்க, அழிச்சிட்டு மறுபடி போடுங்க.

இப்ப 20. பிறக்கும்போதே ரெண்டு வட்டம், ரெண்டும் பாதி காப்பி ஆனது, ஓரி நாலு, அது எல்லாம் ஒரே நேரத்துல கிளம்பினா எட்டு, ஃபோர்க் எண்ணிப் பாத்தா பன்னெண்டு. முதல் பஸ் டெர்மினஸ் போய்ச் சேர்றதுக்குள்ள டிப்போவுல அடுத்த பஸ்ஸை எடுத்துடுற மாதிரிதான். பாட்டி செல் ஆரம்பிச்ச காப்பி பேத்தி பிறக்குறப்போதான் முடியுது!

சரிபாக்கறதுக்கு சி, டி ரெண்டையும் கூட்டி தலைமுறை நேரத்தால வகுங்க, 60-ஐ 20-ஆல வகுத்தா 3, மூணு ரெண்டைப் பெருக்குனா (2×2×2) 8, அதுதான் ஓரி எண்ணிக்கை. 30-க்கு ரெண்டு ரெண்டு (2×2), 4. ஒரு மணி நேரத்துக்கு மேல இழுக்குற மந்தமான செல்லுக்கு இதே நம்பரைப் போடாதீங்க, அங்க சி, டி ரெண்டுமே நீண்டுடும்.

இப்பதான் கிளம்புன ஓரி உடனே இன்னொருதடவை ஏன் கிளம்பலன்னு வைவால கேப்பாங்க. ஓரி-சிக்குள்ள ஜிஏடிசி-ன்னு வரிசை திரும்பத் திரும்ப வரும், காப்பி ஆனதும் பழைய இழையில மட்டும் மீத்தைல்ங்கற வேதி அடையாளம் இருக்கும், புதுசுல இருக்காது, அந்த அரைகுறை நிலையைப் பாத்து செக்-ஏ புரோட்டீன் வந்து கொஞ்ச நேரம் மூடி வச்சுக்கும்.

லேப்ல சீக்வென்சிங் டேட்டா கிடைச்சா இன்னொன்னு பண்ணுங்க. வேகமா வளர்ற கல்ச்சர்ல ஓரி பக்கம் ரீட்ஸ் (மெஷின் படிச்ச டிஎன்ஏ துண்டுகள்) குவிஞ்சிருக்கும், டெர் பக்கம் கம்மியா இருக்கும், 20 நிமிஷ செல்லுக்கு அந்த விகிதம் 4 வரணும், உங்க படத்துலயும் எட்டு ஓரிக்கு ரெண்டு டெர்தான், எண்ணிப் பாருங்க.