புதுசு போலவே இருந்த எலிமெண்ட்: ஃபில்டர் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் பட்டறையில், ஹைட்ராலிக் பிரஸ்ஸின் ரிட்டர்ன் ஃபில்டரை (டேங்குக்குத் திரும்புகிற ஆயிலை வடிகட்டுவது) திறந்தோம். எட்டு மாதம் ஓடிய எலிமெண்ட் (ஃபில்டருக்குள் வடிகட்டுகிற மடிப்பு உருளை), ஆனால் மடிப்பெல்லாம் வெள்ளை வெளேரென்று அப்போதுதான் பெட்டியிலிருந்து எடுத்தது போல வந்தது. "ஆயில் சுத்தமா இருக்குண்ணே, இதையே இன்னும் ஆறு மாசம் ஓட்டலாம்" என்று கூட இருந்த தம்பிக்குச் சந்தோஷம். எனக்கு வயிற்றைக் கலக்கியது. டேங்க் மூடியைத் திறந்து அடித்தரையில் விரலை இழுத்தால் கறுப்பாக மை போல ஒட்டுகிறது. அப்புறம் எலிமெண்டைத் திருப்பிப் பார்த்தோம். ஓ-ரிங் (இடுக்கை அடைக்கிற ரப்பர் வளையம்) பள்ளத்தில் உட்காராமல் ஒரு பக்கம் பிதுங்கி நசுங்கியிருந்தது. எட்டு மாதமும் ஆயில் அந்த இடுக்கு வழியாகவே போயிருக்கிறது.

பத்து மைக்ரான் (மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு) எலிமெண்ட் போட்டிருக்கிறோம் என்று நிம்மதியாக இருப்போம். ஓ-ரிங் ஓரத்தில் பத்தில் ஒரு மில்லிமீட்டர் இடுக்கு இருந்தால் அது 100 மைக்ரான், தலைமுடியைவிடத் தடிமன். எந்தத் திரவமும் லேசான வழியைத் தேடித்தான் போகும். ஃபில்டர் ஹவுசிங் (எலிமெண்ட் உட்காருகிற கூடு) வடிவமைக்கிறவர்கள் முதலில் அடைக்க வேண்டியது இந்தச் சுற்றுவழிகளைத்தான். எலிமெண்ட் இல்லாமலோ, தலைகீழாகவோ, நீளம் குறைந்த மாற்று எலிமெண்டோடோ மூடி சாதாரணமாக முறுகிவிடுகிறது என்றால் அந்த ஹவுசிங்கின் வடிவமைப்பே தவறு. இருட்டில், கை விறைத்துப்போய், மாடல் எண் பார்க்காமல் மாற்றுகிற ஆளை நினைத்துத்தான் அதைச் செய்ய வேண்டும்.

முறுக்கி மாட்டுகிற டப்பா ஃபில்டரிலும் இதே கதைதான். பழையதைக் கழற்றும்போது கேஸ்கெட் (ரப்பர் வளையம்) எஞ்சின் முகத்திலேயே ஒட்டிக்கொள்ளும், அதைக் கவனிக்காமல் அதன் மேலேயே புதுசை மாட்டிவிடுவார்கள். ஜெனரேட்டரை ஸ்டார்ட் செய்து அழுத்தம் ஏறியதும் ஆயில் பீய்ச்சும். துணியால் எஞ்சின் முகத்தைத் துடைத்து, புது கேஸ்கெட்டில் ஆயில் தடவி, அது முகத்தைத் தொட்ட பிறகு டப்பாவில் போட்டிருக்கிற அளவுக்கு, பெரும்பாலும் முக்கால் சுற்று, கையால் இறுக்கினால் போதும்.

அடுத்து, மைக்ரான் எண்ணை மட்டும் பார்த்து வாங்குவது. இரண்டு கம்பெனியின் எலிமெண்டிலும் 10 என்று போட்டிருக்கும், வேலை செய்வதில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம் இருக்கும். பார்க்க வேண்டியது பீட்டா எண்: அந்த அளவுத் துகள்கள் முன்னால் எத்தனை வருகின்றன, பின்னால் எத்தனை தப்புகின்றன என்ற விகிதம், ஐஎஸ்ஓ 16889 முறைப்படி சோதித்துச் சொல்வது. பீட்டா 2 என்றால் இரண்டில் ஒன்று தப்பிவிடும், அதாவது பாதி. பீட்டா 200 என்றால் 200-ல் ஒன்றுதான் தப்பும். பீட்டா எண்ணைக் கேட்டால் கடைக்காரர் முழித்தாலும் பரவாயில்லை, கேளுங்கள்.

பைப் அளவை வைத்து ஃபில்டர் எடுப்பதும் தவறு. ஒன்றரை இன்ச் பைப்புக்கு ஒன்றரை இன்ச் ஃபில்டர் என்றால் மாட்டச் சுலபம்தான், ஆனால் எலிமெண்டின் பரப்பு என்ன? பரப்பை இரட்டிப்பாக்கினால் ஆயுள் பெரும்பாலும் இரண்டு மடங்கைத் தாண்டியே வரும், ஏனென்றால் ஒவ்வொரு சதுர அங்குலத்துக்கும் வருகிற ஓட்டமும் பாதியாகிறது. அதற்காக ஒரே டப்பாவுக்குள் மடிப்புகளைத் திணிக்கக் கூடாது. மடிப்போடு மடிப்பு ஒட்டிக்கொண்டால் உள்ளே திரவம் நுழையவே இடமிருக்காது, காகிதத்தில் மட்டும் பரப்பு இருக்கும்.

இனி நம்ம மலைக்கே உரிய விஷயம், குளிர். ஜனவரியில் ஊட்டிப் பக்கம் புல்லெல்லாம் உறைபனி வெள்ளையாகக் கிடக்கிற காலையில் 68 கிரேடு ஆயில் தேன் மாதிரி இருக்கும். அந்த 68 என்பது 40 டிகிரியில் அளந்த பாகுத்தன்மை எண், பூஜ்யத்தை ஒட்டிப் போனால் அது பத்து மடங்குக்கு மேலும் ஏறும். எலிமெண்டுக்கு இரு பக்கமும் உள்ள அழுத்த வித்தியாசமும் கூடவே ஏறி, பைபாஸ் வால்வு (அழுத்தம் மிஞ்சினால் எலிமெண்டைத் தாண்டி வழிவிடுவது) திறந்து, ஆயில் வடிகட்டாமலே போகும். வால்வு தன் வேலையைத்தான் செய்கிறது, அது இல்லாவிட்டால் எலிமெண்ட் நசுங்கிவிடும். தவறு, பரப்பை 40 டிகிரிக் கணக்கில் போட்டது. ஸ்டார்ட் செய்கிற நேரத்து ஆயிலை வைத்துக் கணக்குப் போட வேண்டும். மெஷின் கம்பெனி அனுமதித்தால் 46 கிரேடுக்கு மாறலாம், லோடு இல்லாமல் கால் மணி நேரம் ஓடவிட்டுச் சூடேற்றலாம். அடைப்பு காட்டுகிற சிவப்புப் பொத்தான் காலையில் துள்ளியிருந்தால் உடனே எலிமெண்டைத் தூக்கிப் போட வேண்டாம். ஆயில் சூடானதும் பொத்தானை அமுக்கிவிடுங்கள், மறுபடி எழுந்தால் மாற்றுங்கள்.

உயரத்தையும் மறந்துவிடுகிறோம். ஊட்டி 2,240 மீட்டரில் இருக்கிறது. பம்புக்குள் தண்ணீரைத் தள்ளுகிற காற்றழுத்தம் கடல் மட்டத்தில் 10 மீட்டருக்குச் சற்று மேலான தண்ணீர் உயரத்தைத் தாங்கும், இங்கே 8 மீட்டருக்கும் குறைவு. பம்ப் உறிஞ்சுகிற பக்கத்தில் நெருக்கமான ஃபில்டர் போட்டால், கோயமுத்தூரில் ஓடுகிற அதே பம்ப் இங்கே கரகரவென்று சத்தம் போட்டு இம்பெல்லரைத் தின்னும். உறிஞ்சும் பக்கம் பெரிய கண் ஸ்ட்ரெய்னர் போதும், நுணுக்கமானதைத் தள்ளும் பக்கத்தில் வையுங்கள்.

டேங்க் மூச்சுவிடும் பிரீதர் பற்றி யாரும் பேசுவதில்லை. ராத்திரி ஆயில் குளிர்ந்து சுருங்கும்போது டேங்க் மேகமூட்டக் காற்றை உள்ளே இழுக்கிறது, ஈரமும் கூடவே வருகிறது, காகித எலிமெண்ட் அதில் ஊறி வலுவிழக்கும். ஈரத்தை உறிஞ்சுகிற சிலிகா ஜெல் பிரீதரும் கண்ணாடி இழை எலிமெண்டும் போடுங்கள்.

ஓடைத் தண்ணீர் லைனுக்கு வருவோம். கூடலூரில் ஜூன் மாதம், குன்னூர் கோத்தகிரியில் ஐப்பசி கார்த்திகை என்றால் தண்ணீர் செம்மண் நிறத்தில் இறங்கும், அப்போது ஐந்து மைக்ரான் கார்ட்ரிட்ஜ் இரண்டே நாளில் அடைத்துப்போகிறது என்று திட்டுவார்கள். களிமண் துகள் இரண்டு மைக்ரானுக்கும் சின்னது. பாதி அடைக்கும், மீதி தப்பிப் போகும். முதலில் படிகாரம் போட்டுத் தெளியவிடும் தொட்டி, பிறகு மணல் ஃபில்டர், கடைசியாகத்தான் கார்ட்ரிட்ஜ். இந்த வரிசையை மாற்றினால் மாதம் முழுக்கக் கார்ட்ரிட்ஜ் வாங்குகிற செலவுதான்.

ஹவுசிங்கை எங்கே மாட்டுகிறோம் என்பதற்கும் யோசனை வேண்டும். எலிமெண்ட் ஒரு முழ நீளம், மேலே உத்தரம் ஒரு சாண் தூரம் என்றால் எப்படி உருவுவது? சாய்த்து இழுப்பார்கள், சுத்தப் பக்கத்தில் கசடு கொட்டும். அடியில் வடிகால் வால்வும் மேலே காற்று வெளியேற ஒரு திருகும் அவசியம். நிறுத்த முடியாத மெஷினுக்கு இரண்டு ஹவுசிங் வைத்து மாற்றுவால்வு போடுங்கள்.

பேரல் ஆயில் புதுசு, அதனால் சுத்தம் என்று நேராக ஊற்றாதீர்கள், அதையும் ஒரு ஃபில்டர் வழியாகவே ஏற்றுங்கள். காகித எலிமெண்டைக் கம்ப்ரஸர் காற்றால் ஊதித் திரும்பப் போடுவதையும் விடுங்கள், கிழிசல் கண்ணுக்குத் தெரியாது.

கழற்றிய எலிமெண்டைக் குப்பையில் போடும் முன் ஃபில்டர் கட்டரால் தகரத்தை வெட்டி (ரம்பம் வேண்டாம், அதன் தூள் கலந்துவிடும்) மடிப்புகளை வெள்ளைத் துணியில் விரியுங்கள், ஒரு காந்தமும் வைத்துக்கொள்ளுங்கள். காந்தத்தில் ஒட்டும் பளபளப்புத் தூள் வந்தால் கியரையோ பேரிங்கையோ பாருங்கள். மஞ்சளாக மினுங்கினால் வெண்கல புஷ், கறுப்பு ரப்பர் துணுக்கு என்றால் சீல், செம்மண் தூசு என்றால் பிரீதரோ ஆயில் ஊற்றும் மூடியோ. ஒன்றுமே இல்லாமல் வெள்ளையாக இருந்தால் உடனே ஓ-ரிங்கை எடுத்துப் பாருங்கள்.