அமெரிக்கச் சிற்றூரில் ஆபரேஷனா? மயக்க மருந்து விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் சின்ன ஊர்களிலும் நம்மவர்கள் இருக்கிறார்கள். விசா நிபந்தனைக்காக அயோவாவிலும் கன்சாஸிலும் வேலை பார்க்கும் டாக்டர்கள், பல்கலைக்கழக ஊர்களில் படிப்பவர்கள், அவர்களைப் பார்க்க வரும் அப்பா அம்மாக்கள். அங்கே ஒரு ஹெர்னியா ஆபரேஷனோ பிரசவமோ வந்தால், மயக்க மருந்து கொடுப்பது பெரும்பாலும் டாக்டராக இருக்காது. சிஆர்என்ஏ எனப்படும் மயக்க மருந்து நர்ஸ்தான் கொடுப்பார். "நர்ஸா?" என்று பதறி, உடனே மூன்று மணி நேரத் தொலைவில் உள்ள நகரத்துக்குக் காரை எடுப்பதுதான் பலரும் செய்யும் முதல் தவறு.

பதற்றம் இயல்பானதுதான். நம் ஊரில் இந்த வேலையைச் செய்பவர் அதற்கென மேற்படிப்பு படித்த டாக்டர். அமெரிக்காவின் வழக்கம் வேறு. புகழ்பெற்ற மேயோ கிளினிக் ஆஸ்பத்திரியில் ஆலிஸ் மகாவ் என்ற நர்ஸ், 14,000க்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகளுக்கு மயக்க மருந்து கொடுத்த அனுபவத்தை 1906இலேயே மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார். இன்று இந்தப் படிப்பில் சேர நர்சிங் பட்டமும் தீவிர சிகிச்சைப் பிரிவில் குறைந்தது ஓராண்டு அனுபவமும் வேண்டும். 2022 முதல் சேர்கிறவர்கள் முனைவர் பட்டம் வரை முடித்தாக வேண்டும். இவர்களை டாக்டர் மேற்பார்வையிட வேண்டும் என்ற மெடிகேர் (முதியோருக்கான அரசு இன்சூரன்ஸ்) விதியிலிருந்து மாநிலங்கள் விலகிக்கொள்ள 2001இல் வழி பிறந்தது. முதலில் விலகியது அயோவா.

ஆகவே, யார் கொடுக்கிறார் என்பதைவிட, எந்த ஆஸ்பத்திரியில், எந்த உடம்புக்கு என்று பாருங்கள். சின்ன ஊர்களுக்கான 'கிரிட்டிகல் ஆக்சஸ்' வகை ஆஸ்பத்திரியில் அதிகபட்சம் 25 படுக்கைகள்தான் இருக்கும். கடுமையான இதய நோயோ தூக்கத்தில் மூச்சுத் தடையோ உள்ளவர்களுக்கு, அவசரமில்லாத ஆபரேஷன் என்றால் பெரிய இடமே நல்லது. நம்மவர்கள் சொல்ல மறக்கும் இன்னொன்றும் உண்டு. ஆரிய வைசியக் குடும்பங்கள் சிலவற்றில், சக்சினில்கோலின் என்ற தசைத் தளர்த்தி மருந்தைச் சிதைக்கும் நொதி பரம்பரையாகவே குறைவாக இருக்கும். சில நிமிடங்களில் தெளிய வேண்டிய மருந்து அவர்களுக்கு மணிக்கணக்கில் நிற்கும். அதுவரை வென்டிலேட்டரில்தான் மூச்சுவிட வேண்டும். குடும்பத்தில் யாராவது ஆபரேஷனுக்குப் பிறகு எழ வெகுநேரம் ஆனது என்றால், கேட்காவிட்டாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பிரசவத்துக்கு இடம் பார்க்கும்போது, "எபிட்யூரல் (முதுகில் போடும் வலி நீக்கும் ஊசி) உண்டா?" என்று மட்டும் கேட்டு நிறுத்துவதும் தவறு. உண்டு என்றுதான் சொல்வார்கள். இரவு இரண்டு மணிக்கு அதைப் போடும் மயக்க மருந்து நர்ஸ் ஆஸ்பத்திரிக்குள்ளேயே இருப்பாரா, வீட்டிலிருந்து வர வேண்டுமா, வர எவ்வளவு நேரமாகும், அவர் விடுப்பில் இருந்தால் மாற்று ஆள் யார் என்று கேளுங்கள். சில ஊர்களில் மொத்தமே ஒருவர்தான் இருப்பார்.

அடுத்தது பணம். நம்மை உண்மையில் கவலைப்பட வைக்க வேண்டியது இதுதான். சர்ஜனும் ஆஸ்பத்திரியும் இன்சூரன்ஸ் நெட்வொர்க்கில், அதாவது இன்சூரன்ஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் உள்ளவர்களின் பட்டியலில், இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறோம். மயக்க மருந்துக்குப் பில் போடுவது பல இடங்களில் தனி நிறுவனம். அதன் பெயரை ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கி, இன்சூரன்ஸில் சரிபாருங்கள்.

சரி, நெட்வொர்க்கில் இல்லாத நிறுவனத்தின் பில் வந்தேவிட்டது என்றால்? கிரெடிட் ஸ்கோர் கெட்டுவிடுமோ என்ற பயத்தில் முழுத் தொகையையும் உடனே கட்டிவிடாதீர்கள். 2022 ஜனவரி 1 முதல் 'நோ சர்ப்ரைசஸ்' சட்டம் நடைமுறையில் இருக்கிறது. நெட்வொர்க் ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெற்றிருந்தால், மயக்க மருந்துக்கு நெட்வொர்க் கணக்கில் உங்கள் பங்காக வருவதை மட்டும் கட்டினால் போதும். இந்த உரிமையை விட்டுத்தருவதாகக் கையெழுத்து வாங்குவதற்கும் மயக்க மருந்து விஷயத்தில் இடமில்லை. மீறினால் 1-800-985-3059 என்ற அரசு உதவி எண்ணில் புகார் செய்யலாம். பல் கிளினிக்கிலோ டாக்டரின் சொந்த கிளினிக்கிலோ நடக்கும் திட்டமிட்ட சிகிச்சைக்கு இந்தப் பாதுகாப்பு வராது. ஞானப்பல் எடுக்கப் போகிறவர்கள் இதை மனதில் வையுங்கள்.

ஒரே ஆபரேஷனுக்கு டாக்டர் பெயரில் ஒன்றும் நர்ஸ் பெயரில் ஒன்றுமாக இரண்டு பில் வந்தால், ஏமாற்று என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். டாக்டர் வழிகாட்ட நர்ஸ் செய்தார் என்றால் மெடிகேர் கணக்கில் ஆளுக்குப் பாதி. பார்க்க வேண்டியது நிமிடங்களை. மயக்க மருந்துக் கட்டணத்தை யூனிட் கணக்கில் போடுவார்கள்; பொதுவாக ஒவ்வொரு 15 நிமிடமும் ஒரு யூனிட். ஆபரேஷனின் மயக்க மருந்துப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பில்லோடு ஒப்பிடுங்கள். அதைக் கேட்பது உங்கள் உரிமை.

பெருங்குடலைக் கேமரா குழாயால் பார்க்கும் கொலோனோஸ்கோபியின் பில்லில் இன்னொரு சிக்கல் வரும். 45 வயது முதல் தடுப்புப் பரிசோதனையாகச் செய்தால், அதற்கான மயக்க மருந்துக்கும் பெரும்பாலான தனியார் இன்சூரன்ஸில் நம் கையிலிருந்து காசு போகக் கூடாது. பாலிப் (குடலில் வளரும் சிறு கட்டி) இருந்து அதை எடுத்தாலும் அப்படியே. ஆனால் நோய்க்கான சோதனை என்று பில்லில் குறியீடு தவறிவிட்டால் டிடக்டிபிள் (இன்சூரன்ஸ் கொடுக்கத் தொடங்கும் முன் நாம் கட்ட வேண்டிய தொகை) முழுக்க நம் தலையில் விழும். பில்லிங் ஆபீஸை அழைத்து, தடுப்புப் பரிசோதனை என்று திருத்தி மறுபடி அனுப்பச் சொல்லுங்கள்.

பணம் இல்லை என்றால் கூச்சப்பட்டுப் பேசாமல் இருக்காதீர்கள். லாப நோக்கற்ற ஆஸ்பத்திரிகள் எழுத்து வடிவில் நிதி உதவித் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். சிகிச்சை முடிந்து முதல் பில் வந்த நாளிலிருந்து 240 நாள் வரை விண்ணப்பிக்கலாம். ஆஸ்பத்திரி பில்லைத் தள்ளுபடி செய்தால் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடுவதுதான் இங்கே நடக்கும் தவறு. மயக்க மருந்து நிறுவனம் அந்தத் திட்டத்தில் இல்லாமல் இருக்கலாம். திட்டத்தில் யார் யார் சேர்த்தி என்ற பட்டியலையும் ஆஸ்பத்திரி வெளியிட வேண்டும். அதில் இல்லாவிட்டால் அந்த நிறுவனத்திடம் தனியாகச் சலுகை கேளுங்கள்.

கடைசியாக, ஊரிலிருந்து வரும் பெற்றோர். விசிட்டர் இன்சூரன்ஸுக்கு 'நோ சர்ப்ரைசஸ்' பாதுகாப்பு கிடையாது. விலை குறைந்த திட்டங்களில் மயக்க மருந்துக்கு இவ்வளவுதான் என்று ஒரு உச்சவரம்பு இருக்கும். வாங்கும் முன் அந்தப் பக்கத்தைப் படியுங்கள். உயிருக்கு ஆபத்தான அவசரம் என்றால் காசைப் பற்றி யோசிக்காமல் கொண்டுபோய்ச் சேருங்கள். 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி எமர்ஜென்சி பிரிவு பணத்தைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்ப முடியாது. நாள் குறித்துச் செய்யும் சிகிச்சை என்றால், சொந்தக் காசில் கட்டுகிறவர் எழுத்து மூலம் செலவு மதிப்பீடு கேட்கலாம். பில் அதைவிட 400 டாலரோ அதற்கு மேலோ கூடினால், 120 நாளுக்குள் அரசிடம் முறையிடலாம். ஆஸ்பத்திரி தரும் மதிப்பீட்டில் மயக்க மருந்துத் தொகை பல நேரம் இருக்காது. அதை அந்த நிறுவனத்திடமே தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.